எண்ணிக்கை மட்டும் போதாது
இளைஞர் மேம்பாட்டையும் பருவநிலை மாற்றத்தைத் தாங்கும் திறனையும் இணைத்த திட்டத்தின் மதிப்பீட்டைப் பாராட்டி வெளியான கட்டுரை ஒன்று, பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையையே வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. மதுரை மாவட்டம் மேலூர் அருகே எங்கள் கண்மாயில் இத்தகைய திட்டம் ஒன்றின் கீழ் இளைஞர்கள் சீமைக் கருவேலத்தை ஆர்வத்தோடு வெட்டினார்கள். வேரோடு அகற்றாததால், அடுத்த ஐப்பசி மழைக்கே அடிக்கட்டைகள் துளிர்த்து, மடையை ஒட்டி மீண்டும் முள்ளாக அடர்ந்துவிட்டன. அந்தப் பிள்ளைகள் மீது குறையில்லை. பாதிப்பேர் அதற்குள் பிழைப்புக்காகத் திருப்பூர் போய்விட்டார்கள். முல்லைப் பெரியாறு அணைத் தண்ணீர் 1895 முதல் இப்பகுதிக்கு வந்தாலும், மானாவாரிக் கண்மாய்களுக்கு வடகிழக்குப் பருவமழையே கதி. ஆகவே மதிப்பீட்டாளர்கள் இரண்டு பருவமழை கழித்து மீண்டும் வந்து, வரத்துக் கால்வாயில் நீர் ஓடுகிறதா, பயிற்சி பெற்றவர்களில் எத்தனை பேர் ஊரிலேயே பிழைக்கிறார்கள் என்பதை, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுப் பாய்ச்சும் ஊர்ப் பணியாளரான நீர்பாய்ச்சியிடமும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.