சின்ன ஸ்டேஷனை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

"பஸ்தான் நிமிசத்துக்கு ஒன்று ஓடுதே, ஏறாவூருக்கும் வாழைச்சேனைக்கும் நடுவில் சின்னச் சின்ன ஸ்டேஷன் எதற்கு?" படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மட்டக்களப்பு ரயில் பாதையில் வந்தாறுமூலை, தேவபுரம் போன்ற ஸ்டேஷன்களை நம்பி இருக்கும் சனத்தை அவர்கள் பார்த்ததே இல்லையா என்று தோன்றும்.

மாஹோவிலிருந்து மட்டக்களப்பு வரை 212 கிலோமீட்டர் பாதை. 1928இல் திறந்தது. அந்தக் காலத்தில் வெலிக்கந்தை, புனானைப் பக்கம் எப்பேர்ப்பட்ட காடு என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: பாதை திறப்பதற்கு நாலு வருசம் முன்புதான், 1924இல், மனிதர்களைக் கொன்று தின்றுகொண்டிருந்த புனானைச் சிறுத்தை சுடப்பட்டது. அதன் உடலைப் பாடம் செய்து கொழும்பு நூதனசாலையில் வைத்திருந்தார்கள். அந்தக் காட்டைப் பிளந்து தண்டவாளம் போட்ட கூலியாட்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. பிறகு யுத்தத்தில் வருசக்கணக்காகக் கோச்சி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகுதான் திரும்ப வந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த பாதை எங்கள் ஊர்களுக்கு நடுவால் போகிறது. ஆனால் எங்களுக்காக ஓடவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். மட்டக்களப்பு ரயில்களின் நேரம் முழுக்கக் கொழும்பை வைத்துப் போடப்பட்டது. இரவில் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ஏறினால் விடியும் முன் மட்டக்களப்பு. உதயதேவி ரயிலில் காலையில் ஏறினால் பகலோடு கொழும்பு. தூரப் பயணத்துக்கு நல்ல ஏற்பாடுதான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிரானிலிருந்தோ சித்தாண்டியிலிருந்தோ காலை எட்டு மணிக்கு மட்டக்களப்பு நகரத்தில் நிற்க வேண்டிய ஒருவருக்கு இதனால் என்ன பிரயோசனம்? கிளினிக்குக்குப் போகும் ஐயா, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அலுவலுள்ள அம்மா, கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லோரும் திருகோணமலை வீதியில் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பஸ் வரும்போதே நிறைந்து வரும். படியில் ஒரு கால், வெளியில் ஒரு கால்.

தண்டவாளமோ அதே வீதியை ஒட்டித்தான் போகிறது. காலையில் மணிக்கணக்காக வெறுமையாகக் கிடக்கிறது.

வந்தாறுமூலையைப் பாருங்கள். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது. நாட்டின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வேறு ஊரில் இப்படி ஒரு இடம் இருந்தால் அந்த ஸ்டேஷன் எப்படி இருந்திருக்கும்! கொழும்புப் பக்கம் அலுவலக ரயில் என்று ஒரு ஏற்பாடு பல காலமாகவே இருக்கிறது. சீசன் டிக்கெட்டோடு ஆயிரக்கணக்கானோர் போய் வருகிறார்கள். அதே யோசனை இங்கே ஏன் எவருக்கும் வரவில்லை?

"சனம் ஏறுவதில்லை, வருமானம் இல்லை" என்பார்கள். வேலைக்குப் போகும் நேரத்தில் ரயில் இல்லாத ஸ்டேஷனில் எந்தச் சனம் ஏறும்? முதலில் ரயிலை விடுங்கள், அப்புறம் டிக்கெட்டை எண்ணுங்கள்.

சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். இது ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் ஒன்றையொன்று தாண்ட வேண்டுமென்றால், இரண்டாவது தண்டவாளம் உள்ள ஸ்டேஷனில் ஒன்று காத்து நிற்க வேண்டும். வளையத்தில் மாட்டிய டப்லட் என்ற அனுமதி வில்லையை ஸ்டேஷன் மாஸ்டரிடமிருந்து ட்ரைவர் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது கையில் இல்லாமல் அடுத்த துண்டுப் பாதைக்குள் ரயில் நுழையக் கூடாது. ஆனால் ஒரு நாளைக்கு ஓடுவதே சில ரயில்கள்தான். நான் கேட்பதும் பெரிய ரயில் அல்ல. இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகாகப் பொருத்தித் தண்டவாளத்தில் ஓட விடும் ரயில் பஸ் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. வாழைச்சேனையிலிருந்து காலையில் ஒன்று, மட்டக்களப்பிலிருந்து பின்னேரம் ஒன்று. எல்லாச் சின்ன ஸ்டேஷனிலும் நின்று வரட்டும்.

ஸ்டேஷனையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கம் மட்டக்களப்பு ரயிலில் மோதி ஆறு யானைகள் செத்தன. யானைக் காட்டுக்குள் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை, அந்த உயிர்களும் உயிர்கள்தான். ஆனால் அங்கே பிந்தினால் இங்கே காத்திருப்பும் நீளும். இரவில் ஒரு சின்ன ஸ்டேஷனில் கைப்பிள்ளையோடு நிற்கும் பெண்ணுக்கு ஒரு நல்ல லைட், பூட்டிக் கிடக்காத கக்கூஸ், மழைக்கு ஒதுங்கக் கூரை வேண்டாமா? மாரியில் எங்கள் பக்கம் எப்படி ஊற்றும் என்று தெரியாதவரா நாங்கள்? மேடை தாழ்ந்திருக்கும் இடங்களில் வயதானவர்கள் ஏறுவதைப் பார்க்கவே நெஞ்சு பதறும். ஒருமுறை ஒரு ஆச்சி என் கையைப் பிடித்து, "மனே, முதல்ல இந்தப் பேக்க ஏத்து, நான் பிறகு ஏறுறன்" என்றார். பேக்கை ஏற்றியாயிற்று. ஆச்சியை ஏற்ற இன்னும் இரண்டு பேர் தேவைப்பட்டது.

ரயில் கடவைகளையும் மறக்க முடியாது. பாதுகாப்பற்ற கடவைகளில் கொடி பிடித்து நிற்பவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் என்றுதான் வருசக்கணக்காகக் கொடுத்தார்கள். நாளுக்கு 250 ரூபாய். ஊரின் உயிரைக் காக்கும் வேலைக்கு அதுதான் விலை!

அம்பாறை மாவட்டத்துக்கோ பயணிகள் ரயிலே இல்லை. கல்முனை, அக்கரைப்பற்று ஆட்கள் மட்டக்களப்புக்கு வந்துதான் கோச்சி பிடிக்கிறார்கள். பாதையைத் தெற்கே நீட்டுவோம் என்ற பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் வருகிறது. நீட்டட்டும், சந்தோசம். ஆனால் அதற்குக் கோடிக்கணக்கில் காசு வேண்டும், காணி வேண்டும், வருசங்கள் வேண்டும். காலையில் ஒரு ரயில் பஸ் விடுவதற்குப் புதிதாக ஒரு அடி தண்டவாளம்கூடத் தேவையில்லை.

அதனால் வரும் பிரதேச சபைக் கூட்டங்களிலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவிலும் இந்த ஒரு கோரிக்கையை யாராவது எழுத்தில் வையுங்கள். கையெழுத்துச் சேர்க்க வேண்டுமென்றால் ஏறாவூர் தொடக்கம் வாழைச்சேனை வரை வீடு வீடாக வர நான் தயார்.