உருப்பெருக்கத்தை விட ஒளியே முக்கியம்

வேட்டைக்குப் பைனாகுலர் வாங்குவோர் குறைந்தது 12 மடங்கு உருப்பெருக்கம் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. ஜெர்மனியில் வயலோர மரமேடைகளில் அமர்ந்து, அந்தி மயங்கிய பின்னரும் காட்டுப்பன்றிக்காகக் காத்திருக்கும் வேட்டைக்காரர்களிடையே நெடுங்காலமாகப் புழங்கிவருவது 8×56 அளவுள்ள, அதாவது 8 மடங்கு உருப்பெருக்கமும் 56 மி.மீ. விட்டமுள்ள முன்வில்லையும் கொண்ட கருவியே. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணை வந்தடையும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும்; 8×56 கருவியில் அது 7 மி.மீ., 12×50 கருவியிலோ 4 மி.மீ.க்குச் சற்றே அதிகம். இருளில் இளைஞர் ஒருவரின் கண்பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியக்கூடும் என்பதால், இந்த வேறுபாடு அரையிருளில் நன்றாகவே தெரியும். குட்டிகளை வளர்த்துவரும் தாய்ப்பன்றியைச் சுடுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றம். புல்லுக்குள் மறைந்து நிற்கும் குட்டிகளைக் கண்டறிய உதவுவது பெரிய உருவமன்று, தெளிவான ஒளியே என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வயது ஏறும்போது கண்பாவை விரியும் அளவு குறைவதால், ஐம்பதைக் கடந்த பலருக்கு எடை குறைந்த 8×42 கருவியே போதுமானதாக இருக்கும். ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் பகலில் செம்மானைத் தேடி நடப்பவருக்கு 10×42 பொருந்தும். அதற்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தில் கைநடுக்கமும் பெரிதாகித் தெரியும் என்பதால் கருவியைத் தாங்க முக்காலி தேவைப்படும். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள், அதைக் கழற்றாமலேயே காட்சி முழுவதும் தெரிகிறதா என்று கடையிலேயே, முடிந்தால் மாலை வேளையில், பார்த்து வாங்குவது நல்லது.