ஆலையைப் பார்த்தவர்கள் தெருவையும் பாருங்கள்

இங்கிலாந்தில் பழைய பஞ்சாலைக்குப் பெயர்போன கிராம்ஃபோர்ட் ஊருக்குப் போய்வந்தோம் என்று யாராவது படம் போட்டால் நான் முதலில் தேடுவது நார்த் ஸ்ட்ரீட் படத்தைத்தான். அநேகமாக இருக்காது. ஆலை முற்றம் இருக்கும், கால்வாயில் வாத்து இருக்கும், காபிக் கோப்பையோடு ஒரு செல்ஃபி இருக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் மேடேறினால் வந்துவிடுகிற அந்தத் தெருவுக்கு மட்டும் யாரும் போவதில்லை. நேற்று ஒரு நண்பரிடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். "அங்கே என்ன இருக்கு? வரிசையா வீடுகள்தானே?" என்றார். அவருக்கு அங்கேயே பதில் எழுதத் தொடங்கினேன், நீண்டுகொண்டே போனது. அதனால் தனிப் பதிவாகவே போடுகிறேன்.

டெர்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் ஏறினால் டெர்வென்ட் ஆற்றை ஒட்டியே போய் கிராம்ஃபோர்டில் இறங்கலாம். சின்ன ஊர்தான். ஒரு சந்தைத் திடல், 1778-ல் கட்டிய கிரேஹவுண்ட் விடுதி, அதற்குப் பின்னால் ஒரு குளம். உலகத்தில் எத்தனையோ ஊர்களின் வாழ்க்கையை மாற்றிய ஒரு வேலைமுறை இங்கேதான் உருவானது என்று சொன்னால் பார்க்கிறவர் நம்பமாட்டார்.

அந்த ஆலையைக் கட்டிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் பிரெஸ்டன் நகரத்துக்காரர். முடிதிருத்துபவராக இருந்தவர், விக் செய்து விற்றவர். பஞ்சு நூற்கும் இயந்திரத்துக்கு 1769-ல் காப்புரிமை வாங்கினார். முதலில் நாட்டிங்காமில் குதிரைகளைக் கட்டி ஓட்டிப் பார்த்தார். குதிரைக்குத் தீனி போட்டுக் கட்டுப்படியாகவில்லை, தண்ணீரைத் தேடி 1771-ல் கிராம்ஃபோர்டுக்கு வந்தார். பணம் போட்ட கூட்டாளிகள் ஜெடிடையா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் என்ற காலுறை வியாபாரிகள்.

பக்கத்திலேயே பெரிய டெர்வென்ட் ஆறு ஓடும்போது அவர் ஆலையை ஆற்றில் வைக்காமல் ஒரு ஓடையில் வைத்தது ஏன் என்பது சுவாரசியமான விஷயம். இந்தப் பக்கத்து மலைகளில் காலங்காலமாக ஈயம் வெட்டினார்கள். சுரங்கத்தில் தண்ணீர் ஊறிவிடும். அதை வடிக்க மலையைக் குடைந்து நீளமான வடிகால் சுரங்கம் போடுவார்கள். அதற்கு இந்த வட்டாரத்தில் 'சஃப்' என்று பெயர். அப்படி ஒரு சஃப்பின் தண்ணீரும் ஓடையோடு சேர்ந்து ஆலைக்குக் கிடைத்தது. மலை வயிற்றிலிருந்து வரும் தண்ணீர் என்பதால் கடுங்குளிரிலும் உறையாது. ஆற்று ஓரத்து ஆலைகள் பனிக்காலத்தில் சக்கரம் நின்று தவிக்கும்போது இங்கே மட்டும் ஓடும். சுரங்கக்காரர்கள் வேண்டாம் என்று வெளியே தள்ளிய தண்ணீர் ஆர்க்ரைட்டுக்குப் பொன்னாக வந்தது.

ஊருக்குள் 'கரடிக் குழி' என்று ஓர் இடம் உண்டு. கரடியெல்லாம் அங்கே இருந்ததில்லை. கல் வைத்துக் கட்டிய ஆழமான குழி. 1785-ல் சஃப் தண்ணீரை இங்கே மறித்துக் குளத்துப் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். நான் போன அன்று மழை விட்டிருந்தது. தடுப்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். பாசி படிந்த கல், பெரணிச் செடி, அடியில் இருட்டு. கண்ணுக்குத் தெரியும் முன்னாலேயே காதுக்குத் தண்ணீர் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கால் மணி நேரமாவது நின்றிருப்பேன். ஓர் ஊரே ஒரு சத்தத்தை நம்பிப் பிழைத்திருக்கிறது!

சரி, தண்ணீர் கிடைத்தது. ஆள்? அங்கேதான் தெரு வருகிறது.

1771 டிசம்பரில் டெர்பி மெர்குரி பத்திரிகையில் ஆர்க்ரைட்டின் ஆலை ஒரு விளம்பரம் கொடுத்தது. கடிகாரம் செய்பவர்கள் இரண்டு பேர் உடனடியாகத் தேவை என்றது. பல்சக்கரம் வெட்டத் தெரிந்த கை அந்தக் காலத்தில் கடிகாரக்காரரிடம்தானே இருந்தது. கொல்லர் வேண்டும், இந்தச் சுற்றுவட்டாரத்து நெசவாளர்கள் வந்து கேட்டால் நல்ல வேலை கிடைக்கும் என்றது. அப்புறம், பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வேலை உண்டு, நல்ல கூலி உண்டு என்றும் இருந்தது. எனக்கு இந்த ஊரின் கதையே அந்த விளம்பரத்தில் இருப்பதாகப் படுகிறது. ஆலைக்கு முதன்மையாக வேண்டியவர்கள் பெண்களும் பிள்ளைகளும். அவர்கள் தனியாக வரமாட்டார்கள், குடும்பமாகத்தான் வருவார்கள். இருக்கிற ஊரோ சின்னது. அப்படியானால் வீடு கட்டியாக வேண்டும்.

அப்படி 1776-77-ல் கட்டியதுதான் நார்த் ஸ்ட்ரீட். அப்போது பிரதமராக இருந்த நார்த் பிரபுவின் பெயர். எதிரும் புதிருமாக இரண்டு வரிசை, எல்லாம் இந்த ஊர்க் கரடுமுரடான மணற்கல். ஒவ்வொரு வீடும் மூன்று தளம், தளத்துக்கு ஓர் அறை. கீழே சமையலும் குடும்பமும், நடுவில் படுக்கை. உச்சித் தளத்தை அண்ணாந்து பாருங்கள். அங்கே சன்னல் மட்டும் வேறு மாதிரி இருக்கும், குறுக்கே நீண்டு அகலமாக. சில வீடுகளில் பாதியைக் கல் வைத்து அடைத்திருப்பார்கள். அந்தத் தளம் நெசவுக்கு. தறியில் உட்காருபவருக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காக அந்த அகலம். மனைவியும் பிள்ளைகளும் கீழே ஆலைக்குப் போய் நூற்பார்கள், வீட்டு ஆண் மேலே உட்கார்ந்து நெய்வார், அல்லது ஈயச் சுரங்கத்துக்குப் போவார். குடும்பத்தையே கணக்குப் போட்டு வரைந்த வீடு அது. ஆலையின் படத்தைப் பார்த்தால் இது தெரியாது. இந்தச் சன்னலைப் பார்த்தால் தெரியும்.

வீடு மோசமான வீடு இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலக் கூலிக் குடும்பங்கள் பல இருந்த இருப்புக்கு இது உறுதியான கல் வீடு, பின்னால் தோட்டம், பன்றி வளர்க்கக் கொட்டில். ஆர்க்ரைட் தன் முக்கியமான ஆட்கள் 27 பேருக்குக் கறவை மாடு கொடுத்திருக்கிறார். ஆண்டுக்கொரு முறை விருந்தும் வைப்பார். ஆட்களை ஊரில் பிடித்துவைக்க என்னென்ன வேண்டும் என்று அந்த மனிதருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பதிலுக்கு அவர் கேட்டது நேரத்தை. மணி அடிக்கும், வந்துவிட வேண்டும். பன்னிரண்டு மணி நேர வேலை, பகலில் ஒரு கூட்டம், இரவில் ஒரு கூட்டம். 1790-ல் இந்தப் பக்கம் வந்த ஜான் பிங் என்ற பயணி மாலை ஏழு மணிக்கு ஆலையிலிருந்து திரளாக இளவயதுப் பிள்ளைகள் வெளியே வருவதையும், இரவு வேலைக்கு அடுத்த கூட்டம் உள்ளே போவதையும் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். ஆலை நிற்பதே இல்லை என்கிறார். ஆரம்ப காலத்தில் ஏழு எட்டு வயதிலேயே சேர்த்திருக்கிறார்கள், பிறகுதான் பத்து வயது என்று ஆக்கினார்கள். மாலையில் ஒரு பிள்ளை மேடேறி வீட்டுக்கு வரும்போது எதிரே அதன் அக்கா ஆலைக்கு இறங்கிப் போயிருக்கலாம். அந்த மேட்டில் நான் மூச்சு வாங்க ஏறியபோது இதைத்தான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே நம் ஊருக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. இங்கிலாந்தில் வீட்டுப் பெண்கள் ராட்டையில் நூற்ற பருத்தி நூல் பாவுக்கு, அதாவது தறியில் நெடுக்காக இழுத்துக் கட்டும் நூலுக்கு, தாங்காது, அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன், குறுக்கே ஓடும் ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்துகொண்டிருந்தார்கள். முழுப் பருத்தியில், சாயம் போகாத பூப்போட்ட துணி வேண்டும் என்றால் இந்தியாவிலிருந்துதான் வரவேண்டும். சோழமண்டலக் கரையிலிருந்து போன சீட்டித் துணி அங்கே பெண்களைப் பைத்தியமாக அடித்தது. உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்ததில் 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணி உடுத்தவே தடைச் சட்டம் வந்தது. ஆர்க்ரைட்டின் இயந்திரம் செய்த காரியம், பாவுக்குத் தாங்கும் முறுக்கான பருத்தி நூலைக் கொடுத்ததுதான். அவரும் கூட்டாளிகளும் நாடாளுமன்றத்தில் மனுப் போட்டு 1774-ல் இங்கிலாந்தில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கு அந்தத் தடையை நீக்கவைத்தார்கள். நம் கரையின் துணிக்கு ஈடாக ஒன்றைச் செய்யத்தான் இந்தப் பள்ளத்தாக்கில் இத்தனை சக்கரமும் சுற்றியது. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலை நூல் நம் தறிகளுக்கே வந்து இறங்கியது. சக்கரத்துக்கு வந்த பஞ்சிலும் பெரும் பங்கு கரீபியத் தீவுகளில் அடிமைகள் பறித்தது. கிராம்ஃபோர்டின் மரபு என்று பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆர்க்ரைட் 1775-ல் வாங்கிய இன்னொரு காப்புரிமையை 1785-ல் நீதிமன்றம் ரத்து செய்தது. இயந்திரத்தை முதலில் யோசித்தவர்கள் வேறு ஆட்கள் என்ற வழக்கு அது. ஆனால் யாரும் அவரிடமிருந்து பறிக்க முடியாத ஒன்று, ஆலையும் தெருவும் மணியும் சேர்ந்த இந்த ஏற்பாடு. ஜெர்மனியில் ராட்டிங்கன் ஊரில் 1783-ல் இதைப் பார்த்துக் கட்டிய ஆலைக்கு கிராம்ஃபோர்ட் என்றே பெயர் வைத்தார்கள். ஸ்ட்ரட்டிடம் தொழில் கற்ற சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் கடல் கடந்து அமெரிக்காவின் ரோட் ஐலண்டுக்கு அதைக் கொண்டுபோனார். 2001-ல் யுனெஸ்கோ இந்த டெர்வென்ட் பள்ளத்தாக்கை உலக மரபுச் சின்னமாக அறிவித்ததும் இதற்காகத்தான்.

ஊருக்கு இறக்கம் வந்த விதமும் தண்ணீரால்தான். மீர்புரூக் சஃப் என்று இன்னும் ஆழத்தில் வேறொரு வடிகாலை வெட்டினார்கள். அது கிராம்ஃபோர்டின் தண்ணீரைக் கீழே இழுத்துக்கொண்டது. வழக்குப் போட்டும் பலன் இல்லை. 1840-களில் சக்கரத்துக்குத் தண்ணீர் போதவில்லை, பழைய ஆலையில் நூற்பு நின்றுபோனது. அப்புறம் அந்தக் கட்டடம் சலவைக்கூடமாக இருந்தது, சாயப்பொடி தொழிற்சாலையாகவும் இருந்தது. ஈயம் கலந்த அந்தச் சாயப்பொடி சுவரிலும் தரையிலும் ஊறிக் கிடந்தது. 1979-ல் ஆர்க்ரைட் சொசைட்டி என்ற அமைப்பு அந்த இடத்தை வாங்கி, நச்சை அகற்றி, ஒவ்வொரு கட்டடமாக மீட்டது. அவர்களுக்குக் கைகூப்ப வேண்டும்.

ஆனால் அதற்கு ஐந்து ஆண்டு முன்னாலேயே, 1974-ல், நார்த் ஸ்ட்ரீட்டில் ஆறு வீடுகளை, பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அமைப்பு வாங்கிப் பழுதுபார்த்தது என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அந்த வீடுகளை இடித்துவிடலாம் என்று இருந்த காலமும் உண்டு. என் நண்பர் நேற்று சொன்ன "வரிசையா வீடுகள்தானே" என்ற அதே பேச்சு அன்றும் இருந்திருக்கும். யாரோ சிலர் அதற்கு மசியவில்லை. அதனால்தான் இன்று அந்தச் சன்னல்கள் இருக்கின்றன.

ஆறில் ஒரு வீட்டை விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அதில் எனக்குக் குறை இல்லை, உள்ளே போய்ப் பார்க்க ஒரு வழி வேண்டும். மற்றபடி அந்தத் தெருவில் மக்கள் குடியிருக்கிறார்கள், அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். நான் போனபோது ஒரு வாசலில் குழந்தையின் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஒரு வீட்டில் வெங்காயம் வதக்கும் வாசனை. தெருவின் கடைசியில் 1832-ல் கட்டிய பள்ளிக்கூடம். வேலை செய்கிறவர்களுக்காகக் கட்டிய தெரு வேலைக்குப் போய் வருகிறவர்களின் தெருவாகவே இருக்கிறது. இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்ததுபோல் ஆக்கிவிட்டால் எனக்குத் தாங்காது.

ஆர்க்ரைட் பெயர் எல்லோருக்கும் தெரியும். இந்த ஆலையில் இரவெல்லாம் நூல் இழுத்த பெண்களில் ஒருத்தி பெயரைச் சொல்லுங்கள் என்றால் நம்மில் யாரால் முடியும்? அவர்கள் கை பட்ட இயந்திரம் எல்லாம் போய்விட்டது. அவர்கள் படுத்த அறை, ஏறிய படி, எட்டிப் பார்த்த சன்னல் இன்னும் இருக்கின்றன. எனக்கு ஆலையைவிட அந்தத் தெரு பெரிதாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

அடுத்த முறை போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலையில் ஒரு மணி நேரம் போதும். காபியைக் குடித்துவிட்டு, கிரேஹவுண்ட் விடுதியைத் தாண்டி மேட்டில் ஏறுங்கள். மாலை வெயில் இருக்கும்போது போனால் நல்லது. சத்தம் போடாமல் நடங்கள், ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். உச்சித் தளத்துச் சன்னல்களை மட்டும் நின்று பார்த்துவிட்டு, முடிந்தால் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.