முதலில் கம்போவைக் கேளுங்கள்

அமெரிக்காவின் வட மாநிலங்களில் இருக்கும் நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி வரும் பரிந்துரை ஒன்று உண்டு: "கேஜன் ரெஸ்டாரண்ட் போங்க, நம்ம ஊர் மாதிரி சுள்ளுனு இருக்கும்." நம்பிப் போனவர்களில் பாதிப் பேர் "காரமே இல்லையே" என்று திரும்பி வருவார்கள். மீதிப் பேர் "ஒரே உப்பு" என்பார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேஜன் என்பது அமெரிக்காவின் தெற்கே லூசியானா மாநிலத்தில் குடியேறிய பிரெஞ்சு வம்சாவளி மக்களின் சமையல். அதன் மையம் காரம் இல்லை. நான் படித்தது தென்மேற்கு லூசியானாவின் லஃபாயெட்டில். அங்கே யார் வீட்டுக்குச் சாப்பிடப் போனாலும் தட்டில் விழுவது பழுப்பு நிறக் குழம்பும் சோறும்தான். மேஜை மேல் டபாஸ்கோ மிளகாய்ச் சாஸ் பாட்டில் நிற்கும், வேண்டியவர்கள் விட்டுக்கொள்வார்கள். பெட்ரோல் பங்கில்கூடச் சூடாக பூடான் கிடைக்கும். பன்றி இறைச்சியும் சோறும் மசாலாவும் அடைத்த குடல் அது, கார் பானெட் மேல் வைத்தே தின்று முடித்துவிடுவார்கள். நாக்கு எரிகிற அளவுக்கெல்லாம் எதுவும் இருக்காது.

சமையலின் உயிர் இருப்பது ரூ-வில். மாவும் எண்ணெயும் ஏறக்குறைய சம அளவு, கனமான இரும்புச் சட்டி, கையை எடுக்காமல் கிளறல், அவ்வளவுதான். முதலில் வெளுப்பு, பிறகு வேர்க்கடலை நிறம், அப்புறம் செம்பு, கடைசியில் சாக்லேட். மிதமான தீயில் முக்கால் மணி நேரம்கூட ஆகும். கரும்புள்ளிகள் தெரிந்தால் போச்சு, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். பதம் வந்ததும் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் உள்ளே போகும். இந்த மூன்றுக்கும் அங்கே புனிதத் திரித்துவம் என்றே பெயர், கத்தோலிக்கர்கள் ஆயிற்றே! நிறம் ஏற ஏற மாவின் கெட்டிப்படுத்தும் சக்தி குறையும். அதனால் கறுத்த ரூ-வில் செய்த கம்போ, அதாவது சோற்றோடு சாப்பிடும் அவர்களுடைய குழம்பு, கொஞ்சம் நீர்க்கத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

இதில் நான் இப்போது இருக்கும் மினியாபோலிஸில் கிடைக்காத பொருள் ஏதாவது இருக்கிறதா? மாவு, எண்ணெய், வெங்காயம், கோழி, புகையூட்டிய சாசேஜ் எல்லாமே பக்கத்துக் கடையில் கிடைக்கும். தேவைப்படுவது பொறுமை மட்டும். ஆகவே வெளிறிப்போன, தக்காளி மிதக்கிற, மாவு வாசம் அடிக்கிற கம்போவை வைத்துவிட்டு "இங்கே இவ்வளவுதான் முடியும், லூசியானா எங்கே இருக்கிறது, நாங்கள் எங்கே இருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தக்காளி சேர்ப்பது நியூ ஆர்லியன்ஸ் நகரத்து கிரியோல் பழக்கம். அது வேறு சமையல், நல்ல சமையலும்கூட. ஆனால் பலகையில் கேஜன் என்று எழுதிவிட்டு அதைப் பரிமாறுவது சரியில்லை.

தூரத்தால் நிஜமாகவே பாதிக்கப்படுவது கிராஃபிஷ், அதாவது சின்ன சிங்கி இறால் மாதிரி இருக்கும் நன்னீர் உயிரி. அமெரிக்காவில் வளரும் கிராஃபிஷில் பெரும்பகுதி லூசியானாவில், அதிலும் நெல் வயல்களில் வளர்கிறது. கோடையில் வயலில் நீர் வடிந்ததும் சேற்றில் வளை தோண்டி இறங்கிவிடும், இலையுதிர் காலத்தில் நீர் பாய்ச்சியதும் மேலே வரும். 2023 வறட்சியில் சேறு காய்ந்து வெடித்ததில் வளைக்குள்ளேயே ஏராளமாகச் செத்து, 2024 சீசன் படுத்துவிட்டது. சீசன் என்பது ஏறக்குறைய ஜனவரியிலிருந்து ஜூன் வரை, உச்சம் மார்ச்சிலிருந்து மே வரை. உயிரோடு மூட்டையில் வந்து உயிரோடு கொப்பரையில் விழ வேண்டிய சமாச்சாரம் இது. நவம்பரில் பனி கொட்டும் ஊரில் "கிராஃபிஷ் எட்டுஃபே, இன்றைய ஸ்பெஷல்" என்று ஒரு குழம்பைப் போட்டிருந்தால் அதில் இருப்பது உறைந்த வால்சதைப் பொட்டலம். பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்ததாக இருக்கும். சுவரெல்லாம் மார்டி கிரா திருவிழா முகமூடியும் பாசிமணி மாலையும் தொங்கும் ஓர் இடத்தில் அதை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், ரப்பர். பெயர் வேண்டாம்.

இதற்காக, லூசியானாவிலிருந்து வராத எதையும் தொடாதே என்று சொல்ல வரவில்லை. இந்தச் சமையலே அகதிகள் உண்டாக்கியது. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கம் அகேடியா என்ற பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியானவர்களை 1755 முதல் பிரிட்டிஷார் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து 1760களில் ஒரு கூட்டம் லூசியானா வந்து சேர்ந்தது, 1785இல் பிரான்சிலிருந்து 7 கப்பல்களில் இன்னும் சுமார் 1,600 பேர் வந்தார்கள். குளிர் நாட்டுக் கோதுமை அந்தச் சதுப்பில் எடுபடவில்லை, சோளத்துக்கும் அரிசிக்கும் மாறினார்கள். வெண்டைக்காய் ஆப்பிரிக்கர்களோடு வந்தது. கம்போவைக் கெட்டியாக்கும் ஃபிலே, சாசஃப்ராஸ் இலையைக் காயவைத்து அரைத்த பொடி, சோக்டா பழங்குடிகளிடமிருந்து வந்தது. கிடைத்ததை வைத்துச் சமைப்பதுதான் இங்கே மரபு.

பிறகு 1921இல் மாநில அரசியலமைப்பே பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சொல்லி, பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். அப்படித் தலைகுனிய வைக்கப்பட்டவர்களின் பெயர் 1980களில் நாடு முழுக்க மெனுக்களில் ஏறியதற்கு முக்கியக் காரணம் பால் ப்ருதோம் என்ற சமையல் கலைஞர். லூசியானாவின் ஓபலூசஸ் ஊர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் 13 பிள்ளைகளில் கடைசி. 1979இல் நியூ ஆர்லியன்ஸில் கே-பால்ஸ் உணவகத்தைத் திறந்தார். வெண்ணெயில் தோய்த்த ரெட்ஃபிஷ் மீனில் மசாலா அப்பி, புகை கக்கும் இரும்புச் சட்டியில் கருக வறுத்தார். பாட்டி காலத்து உணவெல்லாம் இல்லை, அவருடைய கைவேலை. அது எல்லா ஊருக்கும் பரவியதில், மெக்சிகோ வளைகுடாவின் மத்திய அரசுக் கடல்பகுதியில் அந்த மீனை வணிகத்துக்குப் பிடிப்பதையே நிறுத்தவேண்டி வந்தது. கூடவே, கருகிய மசாலா தூவினால் கேஜன் என்ற எண்ணமும் உலகம் முழுக்கத் தங்கிவிட்டது. நம் ஊரில் யாரும் பார்த்தேயிராத மெட்ராஸ் கறிப் பொடி வெளிநாட்டு அலமாரிகளில் உட்கார்ந்திருப்பது போலத்தான், இந்தக் கேஜன் பொடி தூவிய பாஸ்தாவும் பிரெஞ்ச் ஃப்ரைஸும்.

இங்கே எனக்குப் பிடித்த கடையின் உரிமையாளர் லூசியானாக்காரர் இல்லை. ரெட்ஃபிஷுக்குப் பதில் மின்னசோட்டா ஏரிகளின் வால்ஐ மீனைக் கருக்கித் தருகிறார், மெனுவிலும் அப்படியே எழுதியிருக்கிறார். ப்ருதோமின் முறையும் உள்ளூர் மீனும் நன்றாகவே ஒத்துப்போகின்றன. கம்போ கோழியும் சாசேஜும் போட்டது, கறுப்பாக இருக்கும், நடுவில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட் விழும். லஃபாயெட் பக்கம் அப்படித்தான் சாப்பிடுவார்கள். முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும், கலந்து சாப்பிட்டுப் பாருங்கள். கிராஃபிஷ் கேட்டால் ஏப்ரலில் வாருங்கள் என்கிறார்கள். இந்தப் பதில் ஒன்றுக்காகவே அந்தக் கடையை நம்பலாம்.

சரி, புதிய கடைக்குப் போனால் என்ன செய்வது? முதலில் ஒரு சின்னக் கிண்ணம் கம்போ மட்டும் கேளுங்கள். நிறம் செம்பைத் தாண்டியிருந்தால் மீதியைத் தைரியமாக ஆர்டர் செய்யலாம். வெளிறி இருந்தால் பொரித்த கேட்ஃபிஷ் ஒரு தட்டு வாங்கிக்கொண்டு நிறுத்திவிடுங்கள், அதைக் கெடுப்பது கஷ்டம். நியூ ஆர்லியன்ஸ் பாணி காபி இருந்தால் விடாதீர்கள். நம்மைப் போல அவர்களும் சிக்கரி கலக்குகிறவர்கள். பாலை மட்டும் சூடாகத் தரச் சொல்லுங்கள், இங்கே பல கடைகளில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றிவிடுகிறார்கள்.