தேனும் கருப்பட்டியும் ஃபிரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாற்று அல்ல

"ஃபிரக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் தேன், கருப்பட்டி சாப்பிடலாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு, ஆபத்தானதும்கூட. ஃபிரக்டோஸ் என்பது பழங்களில் இருக்கும் ஒரு வகைச் சர்க்கரை. கருப்பட்டி பெரும்பாலும் சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே பொருள். குடலில் அது உடைந்தால் பாதி ஃபிரக்டோஸ். தேனிலோ சுமார் 40 சதவீதம் நேரடியாகவே ஃபிரக்டோஸ்.

ஃபிரக்டோஸைச் சிதைக்க உதவும் ஆல்டோலேஸ் பி என்ற நொதி பிறவியிலேயே குறைபாடாக உள்ள குழந்தைக்கு, நல்லதென்று நினைத்து நாக்கில் தடவும் தேனே வாந்தியையும் ரத்தச் சர்க்கரை வீழ்ச்சியையும் கல்லீரல் பாதிப்பையும் கொண்டுவரலாம். சில இருமல் சிரப்புகளில் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்பூட்டியும் ஆகாது. உடலில் அதுவும் ஃபிரக்டோஸாக மாறும். தயவுசெய்து லேபிளைப் படியுங்கள்.

குடலில் உறிஞ்சும் திறன் மட்டும் குறைந்தவர்களின் நிலை வேறு: வயிறு உப்பும், பேதியாகும், அளவு பார்த்துச் சில பழங்களைச் சாப்பிடலாம்.

சோறு, முட்டை, மீன் வறுவல் இரு தரப்பினருக்கும் பொதுவாக ஒத்துக்கொள்ளும். குழம்பில் வெங்காயம், தக்காளி எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.