மூன்று கோடு போட்ட போத்தல்

போன அடைமழையில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கள் தோட்டத்து லய வீடுகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு படம் வந்தது. மண்சரிவு எச்சரிக்கை. தலைமாட்டில் பெரிய இலச்சினை, கீழே அலுவலகத்தின் பெயர் மூன்று மொழியில், அப்புறம் கடித இலக்கம், திகதி, பதவிப்பெயர். பாதிப் படம் இதற்கே போய்விட்டது. மிச்சத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் அட்டவணை. பத்துக் கை மாறி வந்ததில் எழுத்தெல்லாம் உடைந்து கிடந்தது.

"நம்ம ஊரு இருக்கா பாரு" என்றார் அம்மா. விரலால் இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'அம்பகமுவ' என்று இருந்தது. "அது கினிகத்தேனைப் பக்கமாச்சே" என்று அம்மா நிம்மதியாகப் படுக்கப் போய்விட்டார். எங்கள் ஊர் வட்டவளையும் அந்தப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் என்பது கச்சேரிக்குத் தெரியும். அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்களுக்கு விலாசம் என்றால் தோட்டம், டிவிசன், லயம். அந்த மூன்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை.

சரி, எந்த மட்டத்து எச்சரிக்கை? மஞ்சளா, செம்மஞ்சளா? கீறல் விழுந்த என் போனில் இரண்டும் ஒரே நிறம். ஒன்று கவனமாக இரு என்கிறது, மற்றது மூட்டை கட்டித் தயாராக இரு என்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தவில் லயங்கள் மண்ணுக்குள் போன பிறகு, அடைமழை ராத்திரியில் இந்த வித்தியாசம் சின்ன விசயமில்லை.

தமிழ்ப் பலகைகளின் எழுத்துப்பிழை பற்றி எல்லோரும் எழுதிச் சிரித்துவிட்டோம். எனக்கு அதைவிடப் பெரிய கோபம், பிழையே இல்லாமல் எழுதியும் புரியாமல் போவது. பஸ்ஸின் நெற்றியில் ஓடும் மின்பலகையையும் பாருங்கள். மூன்று மொழியும் வரிசையாக ஓடும். நம் எழுத்து வருவதற்குள் பஸ் மூடுபனிக்குள் போய்விடும். பழைய தகரப் பலகை அசையாமல் நின்று ஊர்ப் பெயரைச் சொன்னது.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். 2016இல் சோடாப் போத்தல்களுக்குச் சீனி அளவைக் காட்டும் நிற வட்டம் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. எங்கள் அப்பாயிக்கு எழுத்து வாசனை கிடையாது, சீனி வருத்தம் மட்டும் உண்டு. கடையில் போத்தலைத் திருப்பிப் பார்த்து, "செவப்புப் பொட்டு, வேணாம்" என்று வைத்துவிடுவார். மூன்று கிராமுக்கும் பத்து கிராமுக்கும் ஒரே செம்மஞ்சள் என்பதில் எனக்குக் குறை உண்டு. ஆனாலும் வாங்குகிற கையில், வாங்குகிற நேரத்தில் பதில் இருக்கிறது.

அப்படி ஒரு போத்தலில்தான் மழையை அளக்கும் என் வேலையை ஆரம்பித்தேன். நெளிவில்லாத போத்தலாகப் பார்த்து எடுத்து, கழுத்தை வெட்டி அதற்குள்ளேயே புனலாகக் கவிழ்த்தேன். அடியில் கூழாங்கல் போட்டு, மேடுபள்ளம் மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாக வைத்தேன். தம்பியின் அடிமட்டத்தால் அளந்து 75, 100, 150 மில்லிமீற்றரில் அடையாளம். 24 மணித்தியாலத்தில் பெய்யும் மழைக்கு நம் நாட்டில் மண்சரிவு எச்சரிக்கை மட்டங்களாக வைத்திருக்கும் அளவுகள் இவை. கடைசியது வெளியேற வேண்டிய மட்டம். முதலில் மூன்று நிற டேப்தான் ஒட்டினேன். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் அதே மஞ்சள், செம்மஞ்சள் குழப்பம்! பிய்த்துவிட்டு கறுப்பு டேப்பில் முதல் மட்டத்துக்கு ஒரு கோடு, அடுத்ததற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று.

(சுவரில் வெடிப்போ, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவதோ கண்டால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கிளம்புங்கள்.)

வட்டவளை மழைக்கு ஒற்றைக் கோடு அதிசயமில்லை. போன கிழமை நடு ராத்திரியில் கதவு சத்தம் கேட்டு எழுந்தேன். வாசலில் அம்மா, தலையில் சாக்கு, கையில் டோர்ச்.

"ரெட்டைக் கோட்டுக்கு இன்னும் ஒரு விரக்கடை இருக்கு. நீ படு, நான் பாத்துக்கிறேன்."