முகத்தைத் திருப்பிக்கொண்ட பெண்

ரொக்கோகோ ஓவியம் (பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சின் அலங்காரப் பாணி) என்றாலே "பவுடரும் லேசும் ரிப்பனும்தானே" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஓவியம் படிக்கிறவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு மனசு ஆறுவதில்லை. அப்படிச் சொல்கிறவர்களை ஒரே ஒரு படத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றும். பிரெஞ்சு ஓவியர் ஃப்ரகோனார் 1769-ஐ ஒட்டி வரைந்த 'படிக்கும் இளம்பெண்'. வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது. பெரிய படமும் இல்லை. 81 சென்டிமீட்டர் உயரம், 65 சென்டிமீட்டர் அகலம், அவ்வளவுதான்.

கத்தரிப்பூ நிறத் திண்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு ஒரு பெண் சின்னப் புத்தகம் ஒன்றைப் படிக்கிறாள். எலுமிச்சை மஞ்சளில் கவுன். கொண்டையில், கழுத்தில், மார்பில் ஊதா ரிப்பன். அந்தக் காலத்து நாகரிகம் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. ஆனால் நமக்குக் கிடைப்பது அவளுடைய பக்கவாட்டு முகம் மட்டும்தான். புத்தகத்தைப் பிடித்திருக்கும் கையில் சுண்டுவிரல் தனியாகத் தூக்கி நிற்கிறது. படிப்பில் மூழ்கியவருக்குத் தன் விரல் எங்கே இருக்கிறது என்ற நினைப்பு இருக்குமா?

இந்தப் படத்தின் பெரிய அளவுப் பிரதியைக் கலைக்கூடமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தயவுசெய்து இறக்கி, கழுத்துப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். வெள்ளை ஃப்ரில்லின் மடிப்புகளைக் கீறியே எடுத்திருக்கிறார். வண்ணம் காயும் முன்பே தூரிகையைத் தலைகீழாகப் பிடித்து, மரக்காம்பின் நுனியால் இழுத்த கோடுகள் அவை. ஈரமாவில் விரலால் கோடு போடுவோமே, அதே மாதிரி. கைப்பக்கத்துத் துணியும் அப்படித்தான்: கிட்டே போனால் மஞ்சளும் வெள்ளையுமாக வெறும் தீற்றல், தள்ளி வந்தால் பட்டு. புத்தகத்தின் எழுத்துகூட நாலைந்து கிறுக்கல்தான்.

இதே அளவில், இதே வேகத்தில் ஃப்ரகோனார் வரைந்த உருவங்கள் பத்துக்கு மேல் இருக்கின்றன. 'கற்பனை உருவங்கள்' என்று அவற்றைச் சொல்வார்கள். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றின் பின்பக்கத்துப் பழைய சீட்டில் 1769-ல், ஒரு மணி நேரத்தில் வரைந்தது என்றே எழுதியிருக்கிறது.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். இந்தப் பெண் முதலில் படித்துக்கொண்டிருக்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடியில் இன்னொரு முகம் தெரிந்தது. பெரிய இறகுத் தலையலங்காரத்தோடு நேராக நம்மைப் பார்க்கிற முகம். 2012-ல் பாரிஸில் ஒரு தாள் ஏலத்துக்கு வந்தது. அதில் ஃப்ரகோனார் கையால் பதினெட்டு குட்டிச் சித்திரங்கள். அவற்றில் ஒன்று அடியில் இருந்த முகத்தோடு பொருந்தியது. (லூவரில் பல காலம் தத்துவ எழுத்தாளர் தீதரோ என்று சொல்லிவந்த உருவம் தீதரோ இல்லை என்று தெரிந்ததும் அந்தத் தாளால்தான்.) ஆக, நாகரிகமான ஒரு பெண்ணின் உருவப்படத்தை முடித்துவிட்டு, பிறகு அவரே அந்த முகத்தை மறைத்து இந்த முகத்தை வரைந்திருக்கிறார்.

நிஜமான ஒருத்தியின் முகத்தை அழித்துவிட்டாரே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. ஆனாலும் அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். இறகு வைத்த பெண் நம் பார்வைக்காக உட்கார்ந்திருந்தாள். அந்த நூற்றாண்டின் உருவப்படங்களில் பட்டும் முத்துமாக அப்படி உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். பார்வை புத்தகத்தில் விழுந்ததும் இவளுக்கு நாம் தேவைப்படவில்லை. கவுனும் ரிப்பனும் திண்டும் இருக்கத்தான் செய்கின்றன, முகம் மட்டும் திரும்பிவிட்டது. மேல்பூச்சு மட்டுமே தெரிந்த ஒரு கலைக்கு இந்த யோசனை வந்திருக்குமா?

ஃப்ரகோனாரின் அப்பா தெற்கு பிரான்சின் கிராஸ் ஊரில் கையுறைத் தொழிலில் இருந்தவர். பணக்காரர்களுக்குத்தான் மகன் வரைந்தார், மறுக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியோடு அந்த வாடிக்கையாளர்களும் போனார்கள், அவர் பேரும் மங்கியது. அந்த அலட்சியம் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நேற்று ராத்திரி இந்தப் படத்தில் புத்தகத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். அழகான கவுன் போட்ட ஒரு பெண் தலைகுனிந்து இருந்தாள். விரலை எடுத்தேன். கீழே தாழ்ந்த அந்த இமைக்கு ஒரு வேலை வந்துவிட்டது.